கொத்தனார் கேட்ட கேள்வி

விழுப்புரம்,
30-1-1944, ஞாயிறு, காலை மணி 7.15.

சௌபாக்கியவதி ராஜாமணிக்கு,

இந்த நிமிஷம் மனையில் இறங்கியிருக்கும் செங்கல் 4,160. அதில் உடைசல் 212. சூளைக்காரனைத் திட்டியாயிற்று. அந்தச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அஸ்திவாரம் முடிந்தது. பிளான் நான் போட்டது. அதில் ஒரு கோடும் மாறாது. இரண்டு அறை, சமையலறை, முன்னும் பின்னும் வராந்தா. மெட்ராசில் மூன்று வருஷம் இதைத்தான் படித்தேன். எனவே யோசனை சொல்ல வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நான் ரயில்வே ஓவர்சீயர் உத்தியோகத்தில் மூன்று பிரம்மசாரிகளோடு ஒரே அறையில். நீ டீச்சர் உத்தியோகத்தில் திண்டிவனத்தில் உன் அப்பா வீட்டில். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில்லை. ஜூனில் உனக்கு இங்கே மாற்றல் கிடைக்கும் என்கிறாய். கிடைத்து நீ வந்து நின்றால் எங்கே வைப்பது? மூன்று பிரம்மசாரிகளோடா? அதனால் வைகாசிக்குள் குடிபோயாக வேண்டும். தவறினால் ஆனி ஆகாது, ஆடி ஆகாது என்பார்கள். அப்புறம் மழை.

சமையலறை ஜன்னல் கிழக்கா, வடக்கா? ஒரே வார்த்தையில் பதில் எழுது.

உன் அப்பாவுக்கு என் வணக்கம். உன் உடம்பு சௌக்கியமா?

இப்படிக்கு,
சுப்பராயலு

*

திண்டிவனம்,
5-2-1944

அன்புள்ள மாமாவுக்கு ராஜாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைத் தேடிப் பார்த்தேன், கடிதத்தில் இல்லை. செங்கல் முதல் வரியிலும் நான் கடைசி வரியிலும் இருந்தோம். என்னை உடைசலில் சேர்க்காத வரைக்கும் சந்தோஷம்.

ஒரே வார்த்தை: வடக்கு.

இன்னும் சில வார்த்தை எழுதலாமா? வடக்கே தெரு இருக்கிறது என்றீர்கள். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டு அடுப்படியில் நான் ஒருத்திதான். அப்பா கடலை மண்டியிலிருந்து தலையெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு வருவார், சாப்பிடுவார், பேசமாட்டார். அடுப்புக்கு எதிரே போகிற வருகிற மனுஷ முகம் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மாற்றல் நிச்சயம் என்று தலைமையாசிரியை அம்மாள் சொல்லிவிட்டார்கள். நான் ஜூன் மாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்களா? வெயிலில் தலையில் துண்டாவது போட்டுக்கொள்ளுங்கள். அத்தைக்கும் மாமனாருக்கும் என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
ராஜாமணி

*

விழுப்புரம்,
13-2-1944

ராஜாமணிக்கு,

க்ஷேமம். அங்கே எப்படி?

சுவர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. வடக்கு மூலை கால் அங்குலம் சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டு பிடித்துக் காட்டிப் பிரிக்கச் சொன்னேன். கொத்தனார் பச்சைமுத்து முறைத்தார்.

“காலங்குலத்துல வூடு வுழுந்துடுமா தம்பி?”

“விழாது. எனக்குத்தான் தூக்கம் வராது.”

பிரித்தார். நல்ல கை, வாய்தான் நீளம். ஆனால் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. மிலிட்டரி காண்ட்ராக்டர் லாரி அனுப்பி ஊர் ஊராகக் கொத்தனார்களை அள்ளிக்கொண்டு போகிறான். ஒரு வாரம் வேலை நின்றால் பச்சைமுத்துவும் லாரி ஏறிவிடுவார். அப்புறம் சண்டை முடிகிறவரை வீடு கிடையாது.

மாசி பன்னிரண்டு, 24-ம் தேதி வியாழக்கிழமை, தலைவாசலுக்கு வாசக்கால் வைக்கிறோம். கெடாரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். நீ முதல் நாளே வந்துவிடு. வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வீட்டுக்காரி வேண்டுமாம்.

ஒரு வேடிக்கை கேள். சுண்ணாம்புச் சாந்தைக் கிளறிக்கொண்டிருந்த பச்சைமுத்து திடீரென்று, “கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க தம்பி. வூட்டுல அம்மா முழுகாம இருக்காங்களா?” என்றார்.

“ஏன்?”

“வூட்டுக்காரம்மா முழுகாம இருந்தா நான் வாசக்கால் வைக்கறதில்ல, செவுரு ஏத்தறதில்ல. எங்கப்பன் காலத்துலருந்து அப்பிடித்தான். பெத்து எறங்கினப்பறம் சொல்லுங்க, ஜல்தியா வந்து கட்டிக் குடுக்கறேன்.”

சுவருக்கும் வயிற்றுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டேன். “அதெல்லாம் உங்க காலேஜில சொல்ல மாட்டாங்க” என்றார். அம்மாவும் இதே கட்சிதான். அண்ணி மூத்தவனைச் சுமந்தபோது அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்றக்கூட விடவில்லை. நல்லவேளை, நமக்கு அந்தப் பேஜாரு இல்லை. இல்லவே இல்லை, வேலையைப் பாருங்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று இருந்தால் எனக்கல்லவா முதலில் தெரியும்!

23-ம் தேதி சாயங்காலம் ஸ்டேஷனில் நிற்பேன்.

சுப்பராயலு

*

திண்டிவனம்,
18-2-1944

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குக் கொஞ்சம் பித்தம், வேறொன்றுமில்லை. 24-ம் தேதி பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வருகிறார்கள். லீவு கிடைக்காது. கோபப்படாதீர்கள். அத்தையே வீட்டுக்காரியாக நின்று மஞ்சள் குங்குமம் வைக்கட்டும். அவர்கள் கை ராசியான கை.

கொத்தனாருக்கு நீங்கள் சொன்ன பதிலை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பதில் அப்படியே இருக்கட்டும்.

அன்புள்ள,
ராஜாமணி

*

விழுப்புரம்,
27-2-1944

ராஜாமணிக்கு,

வாசக்கால் வைத்தாயிற்று. நேராக நிற்கிறது. அம்மா மஞ்சள் வைத்தாள். பக்கத்து மனைக்காரர் முதல் சித்தாள் வரைக்கும் “அம்மா வரலீங்களா?” என்று கேட்டார்கள். பித்தம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

நேராகவே கேட்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உனக்கு இங்கே வர இஷ்டமில்லையா? உன் அப்பாவை விட்டு வர மனமில்லையா? அவர் ஏதாவது சொன்னாரா? இருந்தால் இப்போதே சொல். ஞாயிறு தவறாமல் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறேன். இது எனக்கு மட்டும் வீடு என்றால் எனக்கு அந்த அறையே போதும், மூன்று பிரம்மசாரிகளும் நல்லவர்கள்.

நேர் பதில் வரும்வரை நான் எழுதப்போவதில்லை.

சு.

*

திண்டிவனம்,
19-3-1944

அன்புள்ள மாமாவுக்கு ராஜாமணி வணக்கம்.

மூன்று வாரம் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன்.

நேர் பதில் கேட்டீர்கள். எனக்கு மூன்றாவது மாதம்.

பிப்ரவரி 14-ம் தேதி காலையில் நர்ஸ் அம்மாள் பார்த்து உறுதியாகச் சொன்னார்கள். வீட்டுக்கு ஓடிவந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள மாமாவுக்கு’ என்று எழுதியிருந்தேன், தபால்காரர் கூப்பிட்டார். கொத்தனார் கேட்ட கேள்வியோடு உங்கள் கடிதம். படித்துவிட்டு என் கடிதத்தை அப்படியே மடித்து வைத்தேன்.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. தெரிந்திருந்தால் “ஆமாம், அதற்கென்ன?” என்று சண்டைக்குப் போயிருப்பீர்கள். அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுக் காது சிவந்து நின்றிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நீங்கள் சொல்கிற ‘இல்லை’ உண்மையாகவே இருக்கும். சுவர் கூரை மட்டம் ஏறுகிறவரைக்கும் வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாசக்காலுக்கு வந்திருந்தால் அத்தை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள்.

எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதீர்கள். கொத்தனார் சொல்வது சும்மா என்று நீங்கள் சொல்லலாம், சுமக்கிறவளுக்குச் சும்மா இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வந்து போகிற அப்பாவாக நீங்கள் இருப்பீர்களே என்று நினைத்தால் அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

வீடு நின்றாலும் நிற்கட்டும். எனக்கு வர இஷ்டமில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

இதை வேலை நடக்கிற இடத்தில் பிரிக்கவேண்டாம் என்று உறைமேல் எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் அங்கேயேதான் பிரிப்பீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாகப் பச்சைமுத்துவிடம்.

தங்கள்,
ராஜாமணி

*

விழுப்புரம்,
22-3-1944

என் ராஜாமணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? என்ன சாப்பிடுகிறாய்? கேப்பைக் கூழ் வயிற்றில் நிற்கிறதா? வகுப்பில் நிற்காதே, உட்கார்ந்து பாடம் சொல். கிணற்றில் தண்ணீர் இழுக்காதே. மாமாவிடம் சொல்லிவிட்டாயா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது, எத்தனை வார்த்தை வேண்டுமானாலும்.

கோபத்தில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டு மனையில் நின்றேன். தபால்காரர் அங்கேயே கொண்டுவந்தார். சாரத்தின்மேல் நின்றபடி பிரித்தேன். ‘மூன்றாவது மாதம்’ என்ற இடத்துக்கு அப்புறம் படிக்கவில்லை. கத்திவிட்டேன்.

“இன்னா தம்பி, லெட்டர்ல இன்னா சேதி?”

“நான் அப்பா ஆகப்போறேன்யா!”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தாள் வீரம்மாள் குலவையே போட்டாள். பச்சைமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்த் தொட்டித் தண்ணீரில் கரணையைக் கழுவினார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

“நல்ல சேதி தம்பி. புள்ள நல்லபடியா பொறக்கட்டும். நான் வர்றேன்.”

“எங்கே வர்றீங்க? மணி பதினொண்ணுகூட ஆகல.”

“அன்னிக்கே கேட்டனே. இல்லவே இல்லன்னீங்களே.”

“எனக்குத் தெரியாதுய்யா!”

“கட்டினவருக்கே தெரியலியா?”

வீரம்மாள் விடவில்லை. “பெரிய படிப்புக்காரருக்கு வூட்டுச் சேதிகூடத் தபால்லதான் வருது போல.”

எல்லாரும் போய்விட்டார்கள். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு மேலே இரண்டு வரி ஏறி நிற்கிறது. உன் கடிதத்தின் மிச்சத்தை அப்புறம்தான் படித்தேன். முக்கியமாகப் பச்சைமுத்துவிடம் என்கிற வரியைப் படித்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. அவர் சனிக்கிழமை மிலிட்டரி லாரியில் போகிறாராம். நேற்று நானே கரணை எடுத்து ஒரு வரி வைத்தேன். அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது. பிரித்துவிட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் சிரிப்பு வருகிறது. ரயில்வே ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள் சம்பளம் உயர்ந்துவிட்டதா என்கிறார்கள்.

உன்,
சுப்பராயலு

*

திண்டிவனம்,
23-3-1944, உடனே எழுதுவது

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மத்தியானமே கிடைத்தது. நான் சௌக்கியம். கூழ் நிற்கிறது, மோர் நிற்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். உடனே போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தண்ணீர் இழுக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

ஐந்து நிமிஷமாவது தாங்கியிருப்பீர்கள் என்று நினைத்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். கத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் திட்டு போய்விட்டது.

இப்போது கேளுங்கள். கொத்தனார் சொன்னது ‘வீட்டுக்காரம்மா’. வாசக்காலுக்கு மஞ்சள் வைத்து வீட்டுக்காரியாக நின்றது நானில்லை, அத்தை. அவர்கள் கட்டுகிற வீடாக இருந்தால் அவர் கட்டமாட்டேன் என்று சொல்ல முடியாதே.

வெள்ளிக்கிழமையே கெடாருக்குப் போங்கள். கடிதம் போடாதீர்கள், நேரில் போங்கள். விளக்காதீர்கள். வாதாடாதீர்கள். ‘நீ கட்டும்மா’ என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. அப்படிச் சொன்னால் அது நிஜமாகவே அவர்கள் கட்டுகிற வீடு. பிளானில் ஒரு கோடும் மாறாது என்று எழுதினீர்கள். மாறும். உங்களால் முடியுமா?

ராஜாமணி

*

விழுப்புரம்,
9-4-1944

என் ராஜாமணிக்கு,

உடம்பு எப்படி? கால் வீக்கம் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மாங்காய் அதிகம் வேண்டாமாம்.

ஆம், அம்மா இங்கேதான் இருக்கிறாள். கதையைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சைக்கிளில் கெடார் போனேன். வழி முழுக்க நீ சொன்ன இரண்டே வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அம்மா களத்தில் கேப்பை தூற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ராஜாமணி முழுகாம இருக்கா. கொத்தனார் போயிட்டாரு. வூட்ட நீ கட்டும்மா.”

முறத்தைக் கீழே போட்டாள். “எத்தினி மாசம்?”

“மூணு.”

“மூணு மாசமாச்சி, எனக்கு இன்னிக்கா சேதி? அந்தக் கொத்தனாருக்கு மொதல்ல, பெத்தவளுக்கு அப்பறமா? தாயில்லாத பொண்ணு, மசக்கையில யாருடா அவளுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிக் குடுத்தா?”

நான் விளக்க வாயெடுத்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிகிற நேரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு, பாய், தவலை, ஒரு மூட்டை மல்லாட்டை சகிதம் அப்பாவையும் இழுத்துக்கொண்டு நேராகப் பச்சைமுத்து வீட்டு வாசலில் போய் இறங்கினாள். லாரி இன்னும் வரவில்லை.

“இந்தாய்யா, அது எங்க வூடு. இவரு என் வூட்டுக்காரரு. எனக்கு அம்பத்தஞ்சு வயசு ஆவுது. நான் முழுகாம இருக்கறனா இல்லியான்னு நீயே பாத்துச் சொல்லு.”

பச்சைமுத்துவின் பெண்சாதி சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“வாசக்காலுக்கு நீங்கதானே மஞ்சா வச்சீங்க? அப்ப உங்க வூடுதான். கட்டறேன். ஆனா ஒண்ணு. உங்க வூடுன்னா நீங்கதான் சொல்லணும். தம்பி செவுராண்ட வந்து அளவு கிளவு சொன்னா நான் கரணையக் கீழ வச்சிடுவேன்.”

“அவன் இன்னாத்துக்கு வர்றான்? தூரமா நிக்கட்டும்.”

தூரமாக நிற்கிறேன். எதிர் மனை வேப்பமரத்தடியில். தூக்குக்குண்டை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் பிடித்துப் பார்த்துவிட்டு ரகசியமாக எனக்குத் தலையாட்டுகிறார்.

நீ சொன்னபடியே பிளான் மாறியது. மூன்றாம் நாள் அம்மா கேட்டாள், “புள்ள பெத்தவ எங்கடா படுப்பா?” தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே என்றேன். “அங்க தாயி எங்கடா இருக்கா? இங்கதான். நான் பாத்துக்கறேன்” என்றாள். காற்று நேராக அடிக்கக் கூடாது, வெந்நீர் அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும், கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் பாய் போட இடம் வேண்டும், பிள்ளை அழுதால் அடுப்படிக்குக் கேட்க வேண்டும். என்னிடம் இவ்வளவு தெளிவாக எந்த என்ஜினீயரும் வேலை சொன்னதில்லை. பின் வராந்தாவில் பாதியை அடைத்து அறையாக்கிவிட்டேன். நாலு தடவை வரைந்தேன். அவளுக்குப் படம் புரியாது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினேன். கோட்டுக்குள் படுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு சாண் வுடு” என்றாள். விட்டேன்.

இந்த அறைக்கு ஓடு போட்டால் முன்னறைக்குப் போதாது. இப்போது ஓடு கிடைக்காது. வைகாசியில் முன்னறை கீற்றுக் கூரையோடுதான் நிற்கும். முடியாத வீட்டில் குடியேறுவதா என்று ஒரு நாள் முழுக்க மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் நீ எந்த அறையில் படுப்பாய் என்று யோசித்தேன். கத்துவது நின்றுவிட்டது.

வரைபடம் வைத்திருக்கிறேன். பார்.

உன்,
சுப்பராயலு

*

திண்டிவனம்,
13-4-1944, சித்திரைப் பிறப்பு

அன்புள்ள மாமாவுக்கு ராஜாமணி வணக்கம். கால் வீக்கம் இல்லை. மாங்காய் கொஞ்சம் அதிகம்தான்.

படத்தைப் பார்த்தேன். தாய்வீட்டுப் பிரசவம் என்று எல்லாரும் சொல்லும்போது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இங்கே அப்பாவும் நானும் மட்டும் அந்த நாளை எப்படிப் பார்ப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை. ஒரு சாண் விடச் சொன்ன அத்தைக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வந்து காலில் விழுகிறேன் என்று சொல்லுங்கள்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் மண்டியிலிருந்து வரும்போது புதுத் தகரப் பெட்டி ஒன்று வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். அதில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. கீற்றோ ஓடோ, தேதியைச் சொல்லுங்கள்.

தங்கள்,
ராஜாமணி

*

விழுப்புரம்,
28-5-1944, ஞாயிறு

என் ராஜாமணிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கார்டில் பார்த்துக்கொண்டோம். இங்கே அம்மா, அப்பா, நான், வீடு, நால்வரும் சௌக்கியம்.

பின்னறையும் சமையலறையும் ஓடு போட்டுப் பூச்சு முடிந்து உலர்ந்துவிட்டன. முன்னறை கீற்று. வெளிப்பூச்சு இல்லை. பச்சைமுத்து கணக்கு முடித்துக்கொண்டு புறப்படும்போது, “இப்பக் கிட்ட வந்து அளந்துக்கோங்க தம்பி” என்றார். அளக்கவில்லை. அவர் கொஞ்சம் ஏமாந்துபோனார் என்று நினைக்கிறேன்.

வைகாசி பத்தொன்பது, வியாழக்கிழமை, அம்மாவும் அப்பாவும் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். பானை இறங்கியதும் மருமகள் வரலாம் என்பது வீட்டுக்காரி உத்தரவு. அதனால் இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு முன்னறைத் தரையில் மணல் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்குவேன். சிமெண்ட் கிடைக்கும்போது கிடைக்கட்டும்.

2. செவ்வாய்க்கிழமை பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பேன். சத்தம் வராமல் எண்ணெயும் போடுவேன்.

3. புதன்கிழமை மூன்று பிரம்மசாரிகளிடமும் சொல்லிக்கொண்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

4. வியாழக்கிழமை காலையில் பால் பொங்குகிறவரை வாயைத் திறக்கமாட்டேன்.

5. மத்தியான வண்டியில் திண்டிவனம் வருவேன். உடனே புறப்படு என்று பறக்கமாட்டேன். மாமாவோடு உட்காருவேன். அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாரோ அவ்வளவு நேரம் நானும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். எங்களோடு வருகிறீர்களா என்று கேட்பேன். வராவிட்டால் ஞாயிறுதோறும் வரச் சொல்வேன்.

6. சாயங்காலம் பாசஞ்சரில் உன்னை ஜன்னலோரம் உட்காரவைப்பேன். விழுப்புரத்தில் நீயும் இறங்குவாய்.

சுப்பராயலு